பாலுக்குக் கணக்குப் பார்த்த ஈவ் பால்ஃபர்

இங்கிலாந்தில் ஆர்கானிக் பால் வாங்கும் நம்மவர்கள் பலருக்கு ஈவ் பால்ஃபர் யாருன்னு தெரியாது. ஆனா அந்தப் பால் பாட்டில்கள் பலவற்றில் இருக்கும் சாயில் அசோசியேஷன் முத்திரைக்குப் பின்னால் இருப்பவர் அவர்தான்.

1898-ல் பிறந்தவர். பிரதமராக இருந்த ஆர்தர் பால்ஃபரின் தம்பி மகள். ரெடிங்கில் விவசாயம் படித்து, 21 வயதில் சகோதரியோடு சேர்ந்து சஃபோக்கில் உள்ள ஹாலி கிராமத்தில் பண்ணை வாங்கினார். இந்தூரில் கம்போஸ்ட் முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டின் எழுத்து அவரை ஆழமாகப் பாதித்தது.

நம்பிக்கை மட்டும் போதாது, சோதித்துப் பார்க்கணும் என்று நினைத்தார். 1939-ல் நிலத்தை மூன்றாகப் பிரித்தார். ஒன்றில் மாடும் எருவும் மட்டும். இன்னொன்றில் மாடு, எருவோடு ரசாயன உரமும். மூன்றாவதில் மாடே கிடையாது. ஐடியில் இருக்கும் எனக்கு இது முப்பது வருஷம் ஓடிய ஏ/பி டெஸ்ட் மாதிரிதான் தெரியுது.

1943-ல் புத்தகம் எழுதினார், 1946-ல் சாயில் அசோசியேஷனைத் தொடங்கினார். எருவை மட்டும் நம்பிய பகுதியின் மாடுகள் குறைவாகத் தின்றும் பால் குறையவில்லை, கூடவே கறந்தன என்று பதிவு செய்தார். ஆனா பணம்? கடன் ஏறி, 1970-ல் அந்தப் பண்ணையே விற்கப்பட்டது. 1990-ல் அவர் காலமானார்.

அவர் பண்ணையை அழுத்திய பணக் கேள்வி இன்னும் தீரவில்லை. வழக்கமான பண்ணை உரமும் அடர்தீவனமும் வாங்கிப் போட்டு, ஒரு மாட்டில் அதிகம் கறக்கிறது. தீவன விலை ஏறினா லாபம் கரைஞ்சிடும். ஆர்கானிக் பண்ணையில் உரச் செலவு இல்லை, மண்ணுக்கு நைட்ரஜன் தருவது க்ளோவர் செடி. ஆனா மாட்டுக்குப் பால் குறைவு, மேய்ச்சல் நிலம் அதிகம் வேணும், வெளியில் வாங்கும் ஆர்கானிக் தானியமோ விலை கூடுதல். நிலத்தை மாற்றும் இரண்டு வருஷம் இன்னும் கஷ்டம்: விளைச்சல் குறையும், பாலுக்கோ பழைய விலைதான்.

அதனால் எத்தனை லிட்டர் என்பதை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்குதான். செலவு போக விவசாயி கையில் எவ்வளவு மிஞ்சுது என்பதே முழுக் கணக்கு. நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு அவர் கைக்குப் போய்ச் சேரலைன்னா, முத்திரை மட்டும்தான் மிஞ்சும், பண்ணை மிஞ்சாது. ஹாலியில் நடந்தது அதுதான்.