லிலியன் காட்டர் அம்மையார்

அமெரிக்க ஜனாதிபதியாக 1977 முதல் 1981 வரை இருந்த ஜிம்மி காட்டரை நம்மவர் அனைவரும் அறிவர். அவருடைய தாயார் பம்பாயை அடுத்த விக்ரோலியில் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் தொண்டராகப் பணிபுரிந்தார் என்பதை அறிந்தவர் குறைவு. அதுவும் தமது 68ஆவது வயதில்! நம் வீடுகளில் அந்த வயதுத் தாய்மாரைக் கதிரையில் இருத்தி, குளிருக்கு வெளியே போகவேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

லிலியன் அம்மையார் 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்தார். அத்திகதி பின்னாளில் இந்தியாவின் சுதந்திர தினமாயிற்று. தாதியாகப் பயிற்சி பெற்றுத் திருமணம் செய்து, பிளெயின்ஸ் என்னும் சிற்றூரில் நான்கு பிள்ளைகளை வளர்த்தார். அக்காலத்தில் அங்கே கறுப்பினத்தவர் வெள்ளையர் வீட்டுக்குப் பின்வாசலால்தான் வரவேண்டும். அம்மையாரோ படித்த கறுப்பின இளைஞர் ஒருவரை முன்வாசலால் வரவேற்று உட்காரவைத்துப் பேசுவார். அவ்வேளைகளில் கணவர் வீட்டைவிட்டு வெளியே போய்விடுவாராம். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்குக் காசு எதிர்பாராமல் வைத்தியம் பார்த்தார்.

1953இல் கணவர் காலமானார். பிள்ளைகளும் வளர்ந்துவிட்டனர். சும்மா இருக்க அவரால் முடியவில்லை. பீஸ் கோர் என்னும் தொண்டர் அமைப்பில் சேர வயது தடையில்லை என்ற விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் கண்டார். 1961இல் ஜனாதிபதி கென்னடி தொடக்கிய அமைப்பு அது. (இதை அமைதிப்படை என்று மொழிபெயர்த்தால் நம்மவருக்கு வேறு ஞாபகங்கள் வரும். இத்தொண்டர்கள் துப்பாக்கி ஏந்துபவர்கள் அல்லர்.) 1966இல் விண்ணப்பித்து, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்று, மராத்தி மொழியும் கற்றுக்கொண்டு புறப்பட்டார்.

விக்ரோலியில் கோத்ரெஜ் நிறுவனத்தின் தொழிலாளர் குடியிருப்பில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் செய்வதே அவருக்கு முதலில் கொடுக்கப்பட்ட வேலை. அது அவர் மனதுக்கு ஒட்டவில்லை. வேலை முடிந்தபின் அங்கிருந்த மருந்தகத்துக்குச் சென்று உதவத் தொடங்கினார். நாளடைவில் அதுவே அவருடைய முழுநேரப் பணியாயிற்று. மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டு அமெரிக்காவுக்குக் கடிதங்கள் எழுதினார். மருந்துகள் வந்து சேர்ந்தன.

ஒருநாள் குஷ்டரோகம் கண்ட சிறுமி ஒருத்திக்கு ஊசி போடும்படி வைத்தியர் பணித்தார். அம்மையாருக்கு உள்ளூரப் பயம். ஊசியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பல வருடங்கள் தாதியாக இருந்தவர், நிறவேற்றுமையை எதிர்த்து நின்றவர், அவருக்கே அந்நிலை. ஆனால் மறுபடியும் அதே பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கப் போனார். பயம் மெல்ல மெல்ல நீங்கியது. கூட்டித் துப்புரவு செய்பவர்களை மற்றவர்கள் தொடவும் தயங்கியதைக் கண்டு அவர் மனம் நொந்தார். நாமும் பிறந்த மண்ணில் கண்டு பழகிய வழக்கந்தான் அது. கடல் கடந்து வந்த ஒரு மூதாட்டிக்கு அது பழகிப்போகவில்லை.

கையில் காசு அதிகமில்லை. தோட்டக்காரர் ஒருவர் காய்கறிகளும் பூக்களும் கொண்டுவந்து கொடுப்பார். அதற்குப் பதிலாக அவருடைய மகளுக்கு அம்மையார் எழுத வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அப்பிள்ளை பின்னாளில் கலாநிதிப் பட்டம் வரை படித்தாள்.

தமது 70ஆவது பிறந்த தினத்தை அம்மையார் விக்ரோலியிலேயே கழித்தார். அதே 1968ஆம் ஆண்டில் உடல் மிக மெலிந்து ஊர் திரும்பினார். அங்கிருந்து எழுதிய கடிதங்கள் 1977இல் நூலாக வெளிவந்தன.

அவ்வாண்டு பெப்ரவரியில் இந்திய ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது காலமானபோது, இறுதிச் சடங்குக்கு அமெரிக்கா சார்பில் சென்ற குழுவுக்கு அம்மையாரே தலைமை தாங்கினார். ஜனாதிபதியின் தாயார் என்ற மரியாதைகள் எல்லாம் இருந்தன. அப்பயணத்தில் விக்ரோலிக்கும் போய்ப் பழைய முகங்களைப் பார்த்துவிட்டே திரும்பினார்.

1983 அக்டோபர் 30ஆம் திகதி, 85ஆவது வயதில் காலமானார். ஐம்பது வயதுக்கு மேல் பீஸ் கோர் தொண்டராகச் சேவை செய்தோருக்கு வழங்கவென 1986இல் ஏற்படுத்தப்பட்ட விருது அவர் பெயரைத் தாங்கியுள்ளது.