நிலைத்த புள்ளிகளைத் தேடிய லாம்ப்டன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதம்)

எங்கள் ஊரில் வரப்புச் சண்டை வந்தால் பெரியவர்கள் முதலில் தேடுவது எல்லைக் கல்லைத்தான். கல் இருக்குமிடம் தெரிந்தால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும். ஒரு வயலுக்கே இப்படியென்றால், ஒரு நாட்டுக்கே அளவுப் புள்ளிகளை நிறுத்த முனைந்தவரின் உழைப்பு எத்தகையதாய் இருந்திருக்கும்! அவர்தாம் வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், கணிதத்தில் தேர்ந்து படையில் சேர்ந்தார். வட அமெரிக்காவில் பல்லாண்டுகள் பணியாற்றியபின் 33ஆம் படைப்பிரிவுடன் இந்தியா வந்தார். 1799இல் நடந்த சீரங்கப்பட்டினப் போரில், இரவில் படை திசைமாறிப் பகைவர் பக்கம் செல்வதை விண்மீன்களைப் பார்த்தே அறிந்து எச்சரித்தார் என்பர்.

அக்காலத்து நாட்டுப்படங்களில் பிழைகள் மலிந்திருந்தன. சரியான படம் ஆட்சிக்கும் படைக்கும் பயன்படும் என்பதாலேயே கம்பெனி அரசு அவர் திட்டத்தை ஏற்றது. லாம்ப்டனின் வேட்கையோ பூமியின் வடிவத்தையே அளந்தறிவது.

1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். கருவி நூறடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளுமல்லவா? ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துக் கணக்கைத் திருத்தினார். ஏறத்தாழ 400 முறை சங்கிலி இடப்பட்டது. 57 நாட்கள் ஆயின. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் கிடைத்துவிடும். நாம் வகுப்பில் படிக்கும் சைன் விதிதான்! அவ்வாறே ஒரு முக்கோணத்தின்மேல் அடுத்ததை எழுப்பினார்.

கோணம் அளந்த தியோடலைட் அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் நெளிந்தது. வேறொருவராயின் பணியையே கைவிட்டிருப்பார். அவரோ வாரக்கணக்கில் அதனோடு போராடி, நெளிவை இம்மி இம்மியாக நிமிர்த்தி மீண்டும் அளக்கப் புறப்பட்டார். 400 மைல் எனக் கருதப்பட்ட தீபகற்பத்தின் அகலம் 360 மைலே என்று கண்டார்.

1823 ஜனவரி 20ஆம் நாள், முதுமையிலும் பணி ஓயாமல் நாகபுரி நோக்கிச் செல்லும் வழியில், ஹிங்கன்காட்டில் காலமானார். அவர் தொடங்கிய முக்கோணத் தொடர் இமயத்தை எட்டியது; உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு அவருக்குப்பின் வந்த எவரெஸ்டின் பெயர் வைக்கப்பட்டது. லாம்ப்டனையும், கருவி சுமந்து குன்றேறிய நம் நாட்டுத் தொழிலாளரையும் நினைப்பவர் சிலரே.

இன்று ஓர் இயந்திர உறுப்பின் மேற்பரப்பை ஸ்கேனர் இலட்சக்கணக்கான புள்ளிகளாக்கிக் கணினிக்குத் தருகிறது. அப்புள்ளிக் குவியல் மட்டும் வரைபடமாகிவிடாது. துளையின் மையம், விளிம்புகள் கூடும் மூலை போன்ற சில புள்ளிகளைக் கணித்து நிலைநிறுத்திய பின்னரே மற்றவை அளவுக்குள் அடங்கும். அடிப்புள்ளி பிழைத்தால் அதன்மேல் எழுவதெல்லாம் பிழையே.

நண்பர்களே! எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பின்னால் வரும் தம்பி தங்கையர் என்னை வைத்துத்தான் தூரம் அளப்பார்கள். லாம்ப்டனின் வாழ்வைப் படிக்கையில், நிற்கும் இடத்தில் பிசகாமல் நிற்க வேண்டும் என்ற கவலை எனக்குப் பிறக்கிறது. அது நல்ல கவலையே.