அடுப்படியில் தொடங்கிய கல்வி: பறவையியல் அறிஞர் சாலிம் அலீ

நாம் இமாமத் பணியேற்ற முதல் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். ஒரு நாள் லுஹர் தொழுகை முடிந்ததும் ஒருவர் வலைப்பையில் நான்கு கௌதாரிகளைக் கொண்டுவந்து, அறுத்துத் தருமாறு வேண்டினார். மதரஸாவில் வேட்டை, அறுப்பு குறித்த பாடங்களை ஓதியவர்கள் நாம். கௌதாரி, காடை, சிட்டுக்குருவி ஆகியவை ஹலாலான பறவைகள் என்பதில் நமக்கு ஐயம் ஏதுமில்லை. பிஸ்மி சொல்லி நான்கையும் அறுத்துக் கொடுத்துவிட்டோம். அவை எங்கே பிடிக்கப்பட்டவை, யார் பிடித்தவை, பிடிக்க அனுமதி உண்டா என்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, சாலிம் அலீ அவர்களின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அந்த நான்கு பறவைகளும் நம் நினைவுக்கு வந்தன. கையிலிருக்கும் பறவையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை, பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர் ஒருவர் கேட்டிருந்தார். ஓதி முடித்து வந்த நாம் கேட்கவில்லை.

சாலிம் அலீ 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போஹ்ரா வணிகக் குடும்பம் ஒன்றில் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த யத்தீம் அவர். தாய்மாமன் அமீருத்தீன் தய்யிப்ஜியும் பிள்ளைப்பேறற்ற அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் எல்லாக் குழந்தைகளையும் தம் இல்லத்திலேயே வளர்த்தனர். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தய்யிப்ஜி இந்தத் தய்யிப்ஜி குடும்பத்தைச் சேர்ந்தவரே.

அக்காலத்தில் அவ்வீட்டுச் சமையலுக்காகக் கௌதாரிகளையும் காடைகளையும் உயிரோடு வாங்குவது வழக்கம். பறவை பிடிப்போர் வீடு தேடி வந்து விற்பார்கள். அடுப்படிக்குப் போகவிருந்த அப்பறவைகளில் சிலவற்றைச் சிறுவர் சாலிம் கெஞ்சிக் கேட்டு வாங்கி, பெட்டிப் பலகையும் கம்பி வலையும் கொண்டு அமைத்த கூண்டில் வைத்து வளர்த்தார். இரக்கம் மட்டுமே அதற்குக் காரணம் என்று நாம் மிகைப்படுத்த மாட்டோம். அதே சிறுவர் மாமன் பரிசளித்த காற்றுத் துப்பாக்கியால் குருவிகளைச் சுட்டுத் திரிந்தவரும்தான். பறவைகளின் மீது ஒரு தீராத ஈடுபாடு. அது எந்த வழியில் போகும் என்று அவருக்கே அப்போது தெரியாது.

ஒரு நாள் சுட்டு வீழ்த்திய குருவியைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, அதன் தொண்டையில் குழம்புக் கறை பட்டாற்போல் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமான ஊர்க்குருவிக்கு அது கிடையாது. முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையாதலால் இதனை உண்ணலாமா, கூடாதா என்ற தயக்கம் எழுந்தது. குருவியை மாமனிடம் கொண்டு போனார். மாமனுக்கும் அது இன்னதென்று தெரியவில்லை. தாம் உறுப்பினராயிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கௌரவச் செயலாளர் மில்லர்டு என்னும் ஆங்கிலேயருக்கு அறிமுகக் கடிதம் எழுதிச் சிறுவரை அனுப்பி வைத்தார்.

ஆங்கிலேயர் ஆட்சி உச்சத்தில் இருந்த காலம். வெள்ளைக்காரத் துரை எப்படி நடத்துவாரோ என்று நடுங்கியபடி சென்ற சிறுவருக்கு, அவர் அன்போடு அலமாரி இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். பாடம் செய்து அடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பறவைகள் அங்கே இருந்தன. அந்தக் குருவி, மஞ்சள் தொண்டைச் சிட்டு என்னும் வேறோர் இனம் என்று விளங்கிற்று. பறவையின் தோலை உரித்துப் பாடம் செய்யவும், கண்டதைக் குறித்து வைக்கவும் அங்கே அவருக்குக் கற்பிக்கப்பட்டது. உண்ணலாமா என்று கேட்கப் போன பிள்ளை, உலகம் போற்றும் பறவையியல் அறிஞராக ஆனதற்குத் தொடக்கம் இதுவே.

இடைப்பட்ட ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்லூரியில் மனம் ஊன்றாமல், 1914இல் பர்மா சென்று, அண்ணன் நடத்திய சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். கணக்கைக் காட்டிலும் காட்டுப் பறவைகளையே மிகுதியாகக் கவனித்தார் என்று தோன்றுகிறது. 1917இல் திரும்பி, அடுத்த ஆண்டு தஹ்மினா பேகத்தை மணந்தார். பட்டம் ஏதும் பெறாதவராதலால் அரசுத் துறையில் இடம் கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று ஸ்ட்ரெசமன் என்னும் பேரறிஞரிடம் பயின்று 1930இல் திரும்பினால், பணமில்லை என்று அந்த வேலையே எடுக்கப்பட்டிருந்தது. வேலையற்ற அவ்வேளையில் கடற்கரைச் சிற்றூராகிய கிஹிமில் தங்கி, வீட்டருகே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் உற்று நோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டியதும் பெண் வந்து பார்த்து ஏற்கும். ஏற்றபின் ஆண் அடுத்த கூட்டுக்கும் அடுத்த துணைக்கும் போய்விடும் என்று அவர் எழுதிய கட்டுரையே அவருக்கு முதலில் பெயர் தேடித் தந்தது.

பிறகு சமஸ்தானங்களுக்கு அவர் ஒரு யோசனை கூறினார். தமக்குச் சம்பளம் வேண்டாம். பயணச் செலவையும் முகாம் செலவையும் மட்டும் ஏற்றால் போதும். நாட்டின் பறவைகளை எல்லாம் கணக்கெடுத்துத் தருவதாகச் சொன்னார். ஹைதராபாத் சமஸ்தானத்தை அடுத்து, 1933இல் திருவிதாங்கூர், கொச்சி ஆகிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க நம் பக்கம் வந்தார். தஹ்மினா அம்மையாரும் உடன் வந்தார். மறையூர், பரம்பிக்குளம் காட்டிலுள்ள குரியார்குட்டி, தட்டேக்காடு என அவர்கள் கூடாரமடித்த இடங்கள் பல. இன்று பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகப் பரம்பிக்குளத்துக்கு உல்லாசப் பயணம் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1939இல் ஒரு சிறு அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து அவ்வம்மையார் காலமானார். கணவருக்கு அப்போது வயது 42. மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அவர் நடந்து திரிந்த இந்த மலைச்சாரலிலும் அதன் அடிவாரத்திலும் கோழி இனத்துக் காட்டுப் பறவைகள் பல உண்டு. மலைக்காட்டில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி வாழ்கிறது. சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகுத் துளி போன்ற பொட்டுகள் மின்னும். மீன் தூண்டிலுக்குப் பொய் ஈ செய்வதற்காக அவ்விறகுகள் சீமைக்கு ஏற்றுமதியாயின. அதனாலேயே ஏராளமான சேவல்கள் மாண்டன. மூங்கில் பூத்து அரிசி உதிரும் காலத்தில் எங்கிருந்தோ அவை கூடிவிடும். இலைச்சருகைக் கிளறித் திரியும் சருகுக்கோழியோ ஓடி ஒளிவதில் வல்லது. கண்ணில் படுவது அரிது.

சமவெளியில் நமக்கு நன்கு அறிமுகமானது கௌதாரி. கொங்கு நாட்டுக் கிளுவை வேலிகளும் கொறங்காடுகளும் அதன் வீடு. நாம் சுபுஹு பாங்கு சொல்லி முடித்துச் சற்று நேரத்தில், ஊர்ப்புறத்திலிருந்து மும்முறை அடுக்கிக் கூவும் அதன் குரல் எழும். பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். இரவில் முள்மரத்தில் அடையும். புதரடியில் மண்ணைப் பறித்து முட்டையிடும். கறையானையும் விதைகளையும் தின்னும். அயல் ஆண் தன் எல்லைக்குள் வருவதைப் பொறுக்காது. பிடிப்போர் பயன்படுத்திக்கொள்வது இந்த ரோசத்தைத்தான். பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துச் சுற்றிலும் கண்ணி கட்டிவிடுவார்கள். அது கூவ, சண்டைக்கு ஓடிவரும் காட்டுக் கௌதாரி காலை மாட்டிக்கொள்ளும்.

காடைகளில் புதர்க்காடை கூட்டமாக வாழும். நாம் காலடியில் மிதிக்கும் அளவு நெருங்கும்வரை அசையாமல் பதுங்கியிருந்து, திடீரென எல்லாத் திசையிலும் சிதறிப் பறக்கும். பின்பு மெல்லக் குரல் கொடுத்து ஒன்றையொன்று தேடிச் சேரும். மழை பெய்து புல் முளைத்ததும் குரல் கொடுக்கும் இனம் வேறு. அதன் ஆணுக்கு நெஞ்சில் கறுப்புத் திட்டு இருக்கும். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து நம் நாட்டுக்கு வலசை வரும் காடையும் உண்டு. பனூ இஸ்ராயீல் மக்களுக்கு மன்னுடன் இறக்கப்பட்ட ஸல்வா என்பது இவ்வினக் காடையே என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. காடையைப் போன்றே தோன்றினும் வேறு குலத்தைச் சேர்ந்த சிறு பறவை ஒன்றில், பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விட, ஆணே அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும். கடைகளில் விற்கும் பண்ணைக் காடையை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கோழியைப் போல வளர்க்கப்படும் ஜப்பானியக் காடை. அதனை உண்பதில் தடையில்லை.

சாலிம் அலீ 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளில் பெரும் கையேட்டை எழுதினார். மேற்கண்ட கோழி இனப் பறவைகள் அதன் இரண்டாம் தொகுதியில் விவரிக்கப்பட்டுள்ளன.

இவ்விடத்தில் இரண்டு செய்திகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று, அவர் வேட்டையை விரும்பியவர். ஆய்வுக்காகவும் பறவைகளைச் சுட்டவர். அளவோடு கூடிய வேட்டை இனத்தை அழிக்காது, அளவற்றதே அழிக்கும் என்பது அவர் கொள்கை. 1938இல் பரத்பூர் ஏரியில் வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அத்தகைய ஏரியைப் பறவைகளின் புகலிடமாகக் காப்பதற்குப் பின்னாளில் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். மற்றொன்று, இளமையில் கற்பிக்கப்பட்ட தொழுகையை அவர் தொடரவில்லை. பெரியவர்கள் சிலரின் பகட்டான பக்தி தம் மனத்தை விலகச் செய்ததாகத் தன் வரலாற்றில் எழுதியுள்ளார். இதில் நமக்கு வருத்தம் உண்டு. ஆயினும் அந்தப் பெரியவர்களின் இடத்தில் இன்று இருப்பவர்கள் நாமல்லவா என்று எண்ணும்போது, குறை சொல்ல நாவெழவில்லை.

அவர் தேடியும் கிடைக்காத பறவையும் ஒரு காடைதான். முசூரி, நைனிதால் மலைச்சரிவுகளில் உயர்ந்த புல்லுக்குள் சிறு கூட்டமாகத் திரிந்த இமயமலைக் காடை, 1876க்குப் பிறகு உறுதியாக எவர் கண்ணிலும் படவில்லை. காடையிலேயே சற்றுப் பெரிய இனம். அலகும் காலும் சிவப்பு. மிதிபடும் நிலை வந்தாலன்றிப் பறக்காது. சிங்கப்பூர்ச் செல்வர் லோக் வான் தோவுடன் சேர்ந்து சாலிம் அலீ அதைத் தேடிச் சென்றார். குமாவுன் அடிவாரத்தில், மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு தூக்கணாங்குருவி இனத்தை மீண்டும் கண்டுபிடித்தார். காடை மட்டும் கிடைக்கவில்லை. சிறுவயதில் அடுப்படியிலிருந்து காடைகளைக் கேட்டு வாங்கியவருக்கு, ஒரு காடையினத்தை உயிரோடு காணும் பேறு வாய்க்கவில்லை.

1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகள் அவருக்கு வழங்கப்பட்டன. 1976இல் கிடைத்த 50,000 டாலர் கெட்டி பரிசுத் தொகையைக் கொண்டு இயற்கைப் பாதுகாப்பு நிதி ஒன்றை நிறுவினார். 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். 1987 ஜூன் 20ஆம் நாள், 90ஆம் வயதில் மறைந்தார். நம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது.

இனி நம் மஹல்லாவுக்கு வருவோம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் காட்டுக் கௌதாரி, காடைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் குற்றமாக்கியுள்ளன. பறவை ஹலால் என்பது வேறு. அதைப் பிடிப்பது ஆகுமா என்பது வேறு. இஹ்ராம் கட்டியவருக்கு ஹலாலான வேட்டைப் பிராணியும் தடையாகிறது என்பதை ஹஜ்ஜுக்குச் சென்று வந்தோர் அறிவர். போதாக்குறைக்குச் சோளக்காடுகள் தென்னந்தோப்புகளாகி, கிளுவை வேலிகள் கம்பிவேலிகளாகி வருகின்றன. கௌதாரிக்கு முட்டையிட இடமே சுருங்கிவிட்டது.

சென்ற ரமளானுக்கு முன் மற்றொருவர் மூன்று கௌதாரிகளைக் கொண்டுவந்தார். இம்முறை நாம் எங்கே பிடித்தவை என்று கேட்டோம். ஆனைமலைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தோட்டத்து வேலியைச் சொன்னார். சட்டத்தையும், மேலே சொன்ன சிறுவரின் கதையையும் அவருக்கு எடுத்துரைத்தோம். பணம் கொடுத்து வாங்கியதாயிற்றே என்று சற்று முனகினார். பின்பு அவரே, அஸருக்குப் பின் போகலாம் ஹஜ்ரத் என்றார். இருவரும் அவ்வேலியருகே சென்று பையை அவிழ்த்தோம். இரண்டு உடனே ஓடி மறைந்தன. கண்ணி அறுத்த காலுடன் மூன்றாவது சிறிது நேரம் அங்கேயே நின்றது. பிறகு நொண்டியபடி அதுவும் கிளுவைக்குள் நுழைந்துவிட்டது.