விலங்குகளின் காவலர் ஜெரால்ட் டரல்

அழிந்துவரும் விலங்குகளைக் காத்துப் பெருக்குவதற்கென்றே ஒரு விலங்கியல் பூங்காவை நிறுவிய ஜெரால்ட் டரல் என்னும் பெரியாரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இவர் 1925-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7-ஆம் நாள், இந்தியாவின் ஜாம்ஷெட்பூர் நகரில் பொறியாளர் ஒருவரின் கடைசி மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். அன்னையார் பிள்ளைகளுடன் இங்கிலாந்து சென்று, பின்னர் 1935-இல் கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவில் குடியேறினார். தலைமையாசிரியனாகிய நான் சொல்லத் தயங்கும் செய்தி ஒன்று உண்டு. டரலுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவேயில்லை! எனினும் தியோடர் ஸ்டெஃபனைடிஸ் என்னும் மருத்துவர் அச்சிறுவனுடன் குளங்குட்டைகளைச் சுற்றித் திரிந்து, சிற்றுயிர்களின் இயல்பைக் கற்பித்தார்.

இருபத்தொரு வயதில் கிடைத்த குடும்பப் பணத்தைக் கொண்டு ஆப்பிரிக்கக் கமரூன் காடுகளுக்குச் சென்று, விலங்குகளைப் பிடித்துக் காட்சிசாலைகளுக்குக் கொடுத்தார். ஆனால், கூண்டில் ஒன்று மாண்டால் காட்டில் ஒன்று குறைகிறதே என்னும் எண்ணம் அவரை வாட்டியது. வேடிக்கை காட்டுவதற்கன்று, இனத்தைப் பெருக்குவதற்கே பூங்கா வேண்டும் எனத் துணிந்தார். அத்துறையினர் பலர் இதனை ஏற்கவில்லை. நூல்கள் எழுதிப் பொருளீட்டியும் கடன்பட்டும் 1959-இல் ஜெர்சி தீவில் தம் பூங்காவைத் திறந்தார். வருவாய் போதவில்லை. 1963-இல் அறநிறுவனம் ஒன்றை அமைத்துப் பூங்காவை அதனிடம் ஒப்படைத்தபோது, பட்ட கடனை மட்டும் தாமே அடைப்பதாக ஏற்றுக்கொண்டார்.

1962-இல் அவர் நம் நாட்டிற்கும் வந்தார். திரங்கானு மாநிலத்து டுங்குன் கடற்கரையில், பெரிய கடலாமைகள் இரவில் முட்டையிடுவதைக் கண்டார். இன்று அக்கரைக்கு அவ்வாமை வருவதே அரிதாகிவிட்டது. பெற்றோர் சிலர் அவற்றைப் பார்த்திருக்கலாம், பிள்ளைகள் பார்த்திலர்.

மொரிசியஸ் தீவில் அழிந்தொழிந்த டோடோ பறவையே அவரது நிறுவனத்தின் சின்னம். 1976-இல் அத்தீவுக்கே சென்று, அங்கு அருகிவந்த இளஞ்சிவப்புப் புறாக்களைக் காக்க முனைந்தார். கூண்டிலிருந்த அப்புறாக்கள் முட்டைகளைச் சரிவர அடைகாக்கவில்லை. ஆதலால் வேறினப் புறாக்களின் கீழ் அவற்றை வைத்துப் பொரிக்கச் செய்தனர். வளர்ப்பிடங்களில் பெருகியவை பின்னர்க் காட்டில் விடப்பட்டன. 1990-களின் தொடக்கத்தில் காட்டில் ஏறத்தாழ 10 ஆகக் குறைந்திருந்த அப்புறாக்கள் இன்று பல நூறாகப் பெருகியுள்ளன.

அப்பெருக்கத்தை முழுதும் காண அவர் இருந்திலர். 1995-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் ஜெர்சியில் காலமானார். அவருடைய சாம்பல் அப்பூங்கா மண்ணிலேயே புதைக்கப்பட்டது.