கணக்கில் மூணு தடவை ஃபெயில் ஆன கார் இன்ஜினியர்

தி.நகரில் எங்க அபார்ட்மென்ட் கீழே தாத்தாவோட அம்பாசடர் நிக்குது. 1985 மாடல், மார்க் 4. கொஞ்ச நாளா அதோட முன்பக்கம் இறங்கிடுச்சு. உஸ்மான் ரோடு போயிட்டு வந்தா போதும், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அடியில் தட்டும். ஆட்டோமொபைல் படிக்கிற பேரன் இருக்கும்போது வேற யாரைக் கேட்கணும்னு தாத்தா பொறுப்பை என்கிட்ட கொடுத்துட்டார்.

புதுப்பேட்டையில் ரெண்டு இடத்தில் விசாரிச்சேன். ஒரு மெக்கானிக் அண்ணன், பழைய டார்ஷன் பாரைத் தூக்கிப் போட்டுட்டு சுருள் ஸ்பிரிங் மாட்டிடலாம்னார். இன்னொருத்தர், புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் மாத்தி உயரத்தைச் சரிபண்ணா போதும்னார். எது சரின்னு எனக்குச் சொல்லத் தெரியலை. எட்டு செமஸ்டர் படிச்சு என்ன பிரயோஜனம்னு இருந்துச்சு. சரி, இந்த சஸ்பென்ஷன் எங்கிருந்து வந்ததுன்னாவது பார்ப்போம்னு தேடினேன். அப்படித்தான் சர் அலெக் இசிகோனிஸ் அறிமுகமானார். மினி காரை வடிவமைச்சவர்னு உலகத்துக்கே தெரிஞ்சவர். நம்ம அம்பாசடரோட முன்சக்கரத்திலும் அவர் கை இருக்குன்னு எனக்கு அதுவரை தெரியாது.

இசிகோனிஸ் பிறந்தது 1906 நவம்பர் 18, ஸ்மிர்னா நகரத்தில். இன்றைய துருக்கியின் இஸ்மிர். அப்பா பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற கிரேக்கர், கப்பல் இன்ஜின் தொழில். அம்மா ஜெர்மன் வம்சாவளி. வசதியான குடும்பம். 1922 செப்டம்பரில் போர் நகரத்துக்குள் வந்தது. பிரிட்டிஷ் கடற்படை அவங்களைக் கப்பலில் ஏற்றி மால்டாவுக்குக் கொண்டுபோனது. தொழில், வீடு எல்லாம் போச்சு. கொஞ்ச நாளில் அப்பாவும் இறந்துட்டார். 1923இல் அம்மாவும் பையனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தாங்க.

லண்டன் பேட்டர்சீ பாலிடெக்னிக்கில் இன்ஜினியரிங் சேர்ந்தார். வரைபடம் போடுவதில் கில்லாடி. கணக்கில் மூணு தடவை ஃபெயில். கடைசியில் டிப்ளமோவோடதான் வெளியே வந்தார். (மூணாவது செமஸ்டர் கணக்கை இன்னும் அரியரா வெச்சிருக்கிற எனக்கு, இந்த இடத்தில் அவர் ரொம்ப நெருங்கின சொந்தக்காரர் ஆயிட்டார்.)

1934இல் கவென்ட்ரியில் ஹம்பர் கம்பெனியில் வேலை. அந்தக் காலத்துல நிறைய கார்களில் முன்சக்கரம் ரெண்டையும் ஒரே அச்சு இணைச்சிருக்கும். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினா வலது சக்கரமும் சாயும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கணும். அதுதான் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். இசிகோனிஸ் பிடிச்சுக்கிட்ட பாடம் இதுதான். 1936இல் மோரிஸ் கம்பெனிக்கு மாறினார். அங்கே ஜாக் டேனியல்ஸ் என்ற டிராஃப்ட்ஸ்மேனோடு சேர்ந்து சுருள் ஸ்பிரிங் வெச்ச ஒரு முன் சஸ்பென்ஷன் செய்தார். அப்போ அது எந்தக் காரிலும் வரலை. போரெல்லாம் முடிஞ்சு, 1947இல் எம்.ஜி. ஒய் டைப் காரில்தான் வந்தது.

வேலை நேரம் போக, நண்பர் ஜார்ஜ் டௌசனோடு சேர்ந்து கையாலேயே ஒரு ரேஸ் காரும் கட்டினார். பேரு லைட்வெயிட் ஸ்பெஷல். வருஷக்கணக்கில் இழுத்த வேலை. அதில் ஸ்பிரிங்குக்குப் பதிலா ரப்பர்!

போர்க்காலத்திலேயே ஒரு சின்னக் கார் வரைய ஆரம்பிச்சார். அது 1948இல் மோரிஸ் மைனரா வெளியே வந்தது. தயாரிப்பு தொடங்குறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, கார் ஒல்லியா இருக்குன்னு அவருக்குத் தோணிடுச்சு. மாதிரிக் காரை நடுவில் நீளவாக்கில் அறுக்கச் சொல்லி, ரெண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வெச்சுப் பார்த்தார். நாலு அங்குலம் விலக்கினதும் கண்ணுக்குச் சரியா இருந்துச்சு. அதுவே முடிவு.

மைனரில் அவர் சுருள் ஸ்பிரிங் போடலை. டார்ஷன் பார் போட்டார். அது ஒரு நீளமான எஃகுக் கம்பி, காருக்கு அடியில் நீளவாக்கில் படுத்திருக்கும். ஒரு முனை முன்சக்கரத்தின் கையோடு சேர்ந்திருக்கும், மறுமுனை பின்னால் தரைச்சட்டத்தில் பிடிச்சிருக்கும். சக்கரம் மேலே ஏறினா கம்பி முறுக்கும், முறுக்கு திரும்பும்போது சக்கரம் கீழே வரும். ஸ்பிரிங் நிற்க முன்னால் தனி இடம் வேண்டாம். அதே வருஷம் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் இதே ஏற்பாடுதான். ஆக்ஸ்ஃபோர்டின் அடுத்தடுத்த மாடல்களிலும் அது தொடர்ந்துச்சு. அதில் சீரிஸ் 3, 1950களின் கடைசியில் நம்ம நாட்டில் அம்பாசடர் ஆச்சு. அதுக்குள்ள, 1952இல், இசிகோனிஸ் கம்பெனி மாறி ஆல்விஸ் போயிட்டார். ஆள் போயிட்டார், கம்பி மட்டும் உத்தர்பாராவில் 2014 வரைக்கும் ஓடுச்சு.

ஆல்விஸில் அவர் செய்த கார் கடைசிவரை தயாரிப்புக்கே வரலை. பழைய இடத்துக்கே, இப்போ பி.எம்.சி.ன்னு பேர் மாறியிருந்த கம்பெனிக்கு, திரும்பினார். 1956இல் சூயஸ் நெருக்கடி, பெட்ரோலுக்கு ரேஷன். சின்னக் கார் உடனே வேணும்னு தலைவர் லெனார்ட் லார்ட் கேட்டார். 1959 ஆகஸ்ட் 26இல் மினி வந்துடுச்சு. நீளம் 10 அடி, சக்கரம் 10 அங்குலம், இன்ஜின் குறுக்குவாட்டில், கியர்பாக்ஸ் அதுக்கு அடியில். அவ்வளவு இடத்துக்குள் நாலு பேர் உட்காரணும். சுருளும் கம்பியும் இடத்தைப் பிடிக்கும்னு, நண்பர் அலெக்ஸ் மௌல்டன் செய்த ரப்பர் கூம்பை வெச்சார்.

அவரும் தப்பு பண்ணினார். முதல் மினிகளில் மழைத் தண்ணி உள்ளே வந்துச்சு. டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருந்ததால நனைஞ்சா இன்ஜின் நின்னுடும். துரைசாமி சப்வேயில் மழை நாளில் ஓட்டியிருந்தா நம்ம ஊர் ஆளுங்க என்ன சொல்லியிருப்பாங்களோ! 1964இல் ரப்பரை எடுத்துட்டு, திரவத்தில் இயங்குற ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷனை மினியில் போட்டாங்க. அப்கிரேடுதான். ஆனா செலவு அதிகம். 1969இல் சாதாரண மினிகளுக்கு ரப்பரே திரும்பி வந்துச்சு.

1969இல் சர் பட்டம் கிடைச்சது. கல்யாணம் செய்துக்கலை. 1972இல் அம்மா இறக்கும்வரை அவங்களோடதான் இருந்தார். 1988 அக்டோபர் 2இல் பர்மிங்ஹாமில் இறந்தார்.

ஒரே மனுஷர் சுருள், கம்பி, ரப்பர் மூணையும் போட்டுப் பார்த்திருக்கார். எது உசத்தின்னு அவர் ஒண்ணையே பிடிச்சுத் தொங்கலை. இந்தக் காரில் இடம் எங்கே இருக்கு, பளு எங்கே இறங்கும், யார் ஓட்டப்போறாங்கன்னு பார்த்தார். புதுப்பேட்டையில் நான் கேட்க மறந்த கேள்விகள் இதுதான்.

அப்புறம் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சுருள் ஸ்பிரிங் மாட்டினா அதோட மேல்முனை உந்துற பளுவைத் தாங்க வலுவான ஒரு இடம் வேணும். எங்க காரில் அப்படி ஒண்ணு இல்லை. புதுசா வெல்டிங் வெச்சு உருவாக்கணும். அது பிட்டுக்கிச்சுன்னா? ஓட்டப்போறது 78 வயசு தாத்தா, போறது பனகல் பார்க் வரைக்கும்.

அதனால டார்ஷன் பாரை வெச்சுக்கிட்டோம். புஷ் புதுசு, ஷாக் அப்சார்பர் புதுசு, கம்பியோட பிடிமானத்தை நகர்த்தி உயரத்தையும் ஏத்தியாச்சு. சுருள் ஸ்பிரிங்குக்குக் கேட்ட தொகையில் பாதிகூட ஆகலை. போன ஞாயிற்றுக்கிழமை தாத்தா உஸ்மான் ரோட்டில் ஓட்டினார், எங்கேயும் தட்டலை. வீட்டுக்கு வந்ததும் காரைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. அரியர் பரீட்சை எப்போன்னு மட்டும் கேட்டார்.