செண்பகராமன் பிள்ளை
செண்பகராமன் பிள்ளை (செப்டம்பர் 15, 1891 - மே 26, 1934) இந்திய விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த இவர் திருவனந்தபுரத்தில் பிறந்தார். சர் வால்ட்டர் ஸ்ட்ரிக்லாண்ட் என்ற ஆங்கிலேயரின் உதவியால் இளம் வயதிலேயே ஐரோப்பா சென்று, சூரிச்சில் பொறியியல் பயின்றார்.

1914ல் முதல் உலகப் போர் மூண்டதும் பொறியாளர் வாழ்வை நாடாது, சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை அமைத்தார். பின்னர் பெர்லினில் இயங்கிய இந்திய விடுதலைக் குழுவில் இணைந்தார். 1915 டிசம்பரில் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டார்.

1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைத் தாக்கிய எம்டன் கப்பலில் இவர் இருந்ததாகத் தமிழகத்தில் பரவலாகக் கூறப்படுகிறது. அச்சமயம் இவர் ஐரோப்பாவில் இருந்தமையால் இது ஏற்கத்தக்கதன்று.

பெர்லினில் காலமான இவரது அஸ்தியை மனைவி லட்சுமிபாய் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாத்தார். 1966ல் ஐ.என்.எஸ். டெல்லி என்ற இந்தியப் போர்க்கப்பல் அதனைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது.