வள்ளி கிடைக்காத முருகன்: எஸ். எஸ். விஸ்வநாததாஸின் வாழ்வு

சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிற்றூர்களில் கோயில் கொடை வந்தால் இன்றும் விடிய விடிய நாடகம் நடப்பதுண்டு. பெரும்பாலும் அது ‘வள்ளி திருமணம்’ ஆகவே இருக்கும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் இன்னும் வேறு ஊர்க்காரர்களாக இருப்பர். அன்று மாலைதான் ஒருவரையொருவர் காண்பார்கள். இரவில் ஒத்திகையின்றி மேடையேறிவிடுவார்கள். ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இம்முறையின் தொடக்கக் காலப் பெருங்கலைஞர்களுள் ஒருவர் பிறந்த ஊர் இங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. திருவேங்கடம் வழியாகச் சென்றால் வரும் சிவகாசிதான் அது. அவர் எஸ். எஸ். விஸ்வநாததாஸ்.

அவர் பெயருக்கு முன்னால் தியாகி என்ற சொல் நிலைத்துவிட்டது. தேசியப் பாடல்களைப் பாடிச் சிறை சென்றவர், மேடையிலேயே உயிர் நீத்தவர் என்று பள்ளி விழாக்களிலும் நினைவேந்தல்களிலும் சொல்லப்படுகிறார். இரண்டும் உண்மை. ஆனால் அந்தப் புகழுரைகளில் ஒரே ஒரு வாக்கியமாகச் சுருங்கிவிடும் செய்தி ஒன்று உண்டு. அவரோடு இணைந்து நடிக்கப் பெண் கலைஞர்கள் மறுத்தார்கள் என்பதே அது. அந்த ஒற்றை வாக்கியத்தை விரித்துப் பார்த்தால்தான் அவர் வாழ்வு முழுமையாகத் தெரியும்.

1886ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அவர் பிறந்தார். குடும்பம் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தது. நாவிதர், பண்டிதர் என்று பல பெயர்களால் அறியப்படும் இச்சமூகம் முடி திருத்துவதோடு நின்றதில்லை. வைத்தியமும் அறுவையும் செய்தது. சமூகத்தின் பெண்கள் பேறுகாலம் பார்த்தார்கள். திருமணம் முதல் சாவு வரை ஊரின் ஒவ்வொரு சடங்கிலும் இவர்களுக்கு ஒரு வேலை இருந்தது. ஊரின் உடலையே தொட்டுப் பணி செய்தவர்களுக்கு அந்த ஊரில் சமமாக உட்கார இடமில்லை. பட்டியல் சாதிகளுள் வராத சமூகம் இது. ஆகவே தீண்டாமையைப் பற்றிய நம் பேச்சுகளில் இவர்கள் அதிகம் இடம்பெறுவதில்லை. இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. தலித்துகளுக்கு முடி வெட்டக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாட்டை நிறைவேற்றும் கருவியாக ஆதிக்கச் சாதிகள் இவர்களையே பயன்படுத்தின. கீழே தள்ளப்பட்டவரைக் கொண்டே இன்னும் கீழே தள்ளுவது சாதியின் பழைய உத்தி.

விஸ்வநாததாஸ் பிறந்த காலத்துச் சிவகாசியை நினைத்துப் பார்க்க வேண்டும். கோயிலுக்குள் நுழையும் உரிமையை நாடார்கள் கேட்டதன் பொருட்டு 1899 ஜூன் மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு அந்த ஊரைச் சூறையாடினர். கமுதிக் கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. யார் எந்த வாசலைத் தாண்டலாம் என்பதற்காக ரத்தம் சிந்திய மண்ணிலிருந்துதான் இந்தக் கலைஞர் வந்தார். குடும்பம் பின்னர் மதுரைக்கு அருகிலுள்ள திருமங்கலத்தில் குடியேறியது. அதுவே அவருடைய ஊராயிற்று.

அன்றைய தமிழ் நாடக உலகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒருபுறம் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை. வழக்கறிஞர்களும் அலுவலர்களும் பொழுதுபோக்காக நடித்த அவை அது. அங்கே நடித்தால் மதிப்பு கூடியது. மறுபுறம் வயிற்றுப்பாட்டுக்காக ஊர் ஊராக ஆடிய தொழில்முறைக் கலைஞர்கள். அவர்களுக்குக் கிடைத்த பெயர் கூத்தாடி. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த நாடகங்களைப் பாடி வாழ்ந்த இந்த இரண்டாம் உலகில்தான் விஸ்வநாததாஸ் ராஜபார்ட்டாக உயர்ந்தார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்குக் கேட்கும்படி பாடும் தொண்டை வேண்டும். எதிரே நிற்பவர் தொடுக்கும் கேள்விக்கு அந்த நொடியிலேயே பாட்டாலும் பேச்சாலும் மறுமொழி சொல்லும் வேகம் வேண்டும். எழுதி வைத்த வசனம் துணைக்கு வராத மேடை அது.

அந்த வேகமே அவரை அரசியலுக்குள்ளும் இழுத்துச் சென்றது. 1919இல் ஜாலியன்வாலாபாக்கில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி தமிழ்நாட்டு நாடக மேடைகளுக்குப் பாட்டாக வந்து சேர்ந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாடல்களை விஸ்வநாததாஸ் புராண நாடகங்களின் நடுவே பாடினார். வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று பறவை விரட்டும் காட்சி அவருக்கு மிகவும் வாய்ப்பாக இருந்தது. விரட்டப்படும் வெள்ளைக் கொக்கு யார் என்பதை எழுத்தறியாத உழவரும் உடனே புரிந்துகொண்டார். காவல்துறையும் புரிந்துகொண்டது.

1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் அரசின் கையில் இருந்தது. ஆனால் ஒத்திகையும் நிலையான எழுத்துப் படியும் இல்லாத ஒரு நாடகத்தை முன்கூட்டியே தணிக்கை செய்வது எப்படி? பாடகர் வாய் திறக்கும் வரை எந்தப் பாட்டு வரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே காவலர்கள் கூட்டத்தோடு கூட்டமாக அமர்ந்து காத்திருந்தார்கள். பாட்டு வந்ததும் எழுந்தார்கள். பிடியாணை விஸ்வநாததாஸின் பெயருக்கு, மேடையில் நிற்பதோ முருகன், வேடம் கலைத்த பின் வாருங்கள் என்று அவர் காவலர்களைத் திருப்பியனுப்பினார் என்றொரு கதை நாடகக்காரர்களிடையே வழங்குகிறது. அவர் 29 முறை சிறை சென்றார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கணக்கு. இரவுக் கூலியை நம்பி வாழும் கலைஞருக்குச் சிறை என்பது அந்தப் பருவத்தின் வருமானமே போவது. வழக்கறிஞர் தலைவர்கள் சிறை சென்றதற்கும் இவர் சென்றதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை விடுதலைப் போராட்ட வரலாறுகள் அதிகம் கணக்கிலெடுப்பதில்லை.

இனி அந்த ஒற்றை வாக்கியத்துக்கு வருவோம்.

நாடகக் குழு ஒன்றில் முதலாளி சொன்னபடி நடிகர்கள் நடித்தாக வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் அவ்வாறில்லை. ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியே பேசி அமர்த்த வேண்டும். யாரோடு நடிப்பது, யாரோடு நடிக்க மறுப்பது என்பது அவரவர் விருப்பம். அந்த விருப்பத்தின் வழியாகச் சாதி மேடைக்குள் நுழைந்தது. மேல்சாதிப் பெண் கலைஞர்கள் பலர், அவர் பிறந்த சாதியைக் காட்டி, அவருக்கு இணையாக நடிக்க மறுத்தனர். மேடையேறிய பெண்களை அந்தச் சமூகமே இழிவாகத்தான் நடத்தியது என்பதையும் மறக்கலாகாது. கூத்தாடி என்ற ஒரே வசையைச் சுமந்தவர்களுக்கிடையிலும் படிநிலை தன் வேலையைச் செய்தது.

எந்த நாடகத்தில் இது நிகழ்ந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். வள்ளி குறவர் வளர்த்த பெண். அவளைத் தேடிக் கடவுளே வேடனாகவும் கிழவனாகவும் மாறி வந்து கெஞ்சுவதுதான் கதை. சாதி கடந்த அந்தக் காதலைக் காண விடிய விடிய விழித்திருந்தது ஊர். அதே கதையின் முருகனாக ஒரு நாவிதர் மகன் நின்றபோது மட்டும் வள்ளிகள் விலகிப் போனார்கள். ஊரார் அவர் பாட்டுக்குக் கைதட்டினார்கள். தட்டிய கைகள் அவரோடு சேர்ந்து உண்டிருக்குமா என்பது வேறு கேள்வி.

அந்நிலையில் அவரோடு நடிக்க முன்வந்தவர் மதுரையைச் சேர்ந்த கே. பி. ஜானகி அம்மாள். 1917இல் பிறந்து, சிறுமியாகவே நாடகக் குழுவில் சேர்ந்து, புகழ்பெற்ற ஸ்திரீபார்ட் ஆனவர். வயதில் விஸ்வநாததாஸைவிட ஏறத்தாழ ஒரு தலைமுறை இளையவர். தம் தொழிலுக்கு இடையூறு வரக்கூடும் என்பதை அறிந்தே அந்த முடிவை அவர் எடுத்தார். பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றார். தேர்தல் வெற்றியைவிட, ஒதுக்கப்பட்ட கலைஞரோடு மேடையில் நின்றதையே அவருடைய பெரிய அரசியல் செயலாக நான் கருதுகிறேன்.

காங்கிரஸ் தலைவர்கள் நாடகக் கலைஞர்களின் ஆற்றலை நன்கு அறிந்திருந்தனர். சத்தியமூர்த்தி அவர்களைத் திரட்டினார். அவரே சுகுண விலாச சபையில் நடித்தவரும்கூட. மேடைப் பாட்டு கூட்டம் சேர்த்தது, கதர் விற்றது. ஆனால் அந்தக் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தவர் எந்தச் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டார் என்பது இயக்கத்தின் கேள்வியாக எழவில்லை. வெள்ளையரை எதிர்த்துப் பாடும் குரல் வேண்டியிருந்தது; அந்தக் குரலுக்குரிய மனிதரின் மானம் பின்னால் பார்த்துக்கொள்ளும் காரியமாயிற்று.

அவருடைய இறுதி ஆண்டுகள் கடனில் கழிந்தன. திருமங்கலத்து வீடும் கடனுக்கு ஈடாகிப்போனது. அரசின் போர் முயற்சிக்கு ஆதரவாகப் பாடினால் கடன் தீர்க்கப்படும் என்று ஆட்சியாளர் தரப்பிலிருந்து அழைப்பு வந்ததாகவும், அவர் மறுத்ததாகவும் சொல்வர். அதே காலத்தில் தமிழ்த் திரைப்படம் வளர்ந்துகொண்டிருந்தது. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்துக்குப் பாட்டெழுதியவர் அதே பாஸ்கரதாஸ்தான். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடிக்கக் கே. பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். நந்தன் கதைக்குப் பணம் கொட்டிய உலகம் அது. நாடக மேடையை நம்பிய விஸ்வநாததாஸ் ஐம்பது வயதைக் கடந்தும் இரவு இரவாக முருகன் வேடம் கட்டிக்கொண்டிருந்தார்.

1940 டிசம்பர் 31ஆம் நாள் இரவு சென்னையில் ‘வள்ளி திருமணம்’. உடல் நலிந்திருந்த நிலையில் மயில்மீது அமர்ந்து பாடத் தொடங்கினார். பாட்டு நின்றது. அமர்ந்த நிலையிலேயே உயிர் பிரிந்திருந்தது. வயது 54.

இன்று திருமங்கலத்தில் அரசு அமைத்த நினைவு இல்லம் இருக்கிறது. அவருடைய சமூகத்தார் அவரைத் தம் அடையாளமாகக் கொண்டாடுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் தேசம் அவரைத் தியாகியாகவும் சாதி அவரைத் தலைவராகவும் பங்கிட்டுக்கொண்ட பிறகு, அவரை மேடையில் தனியே நிற்கவிட்ட வழக்கத்தைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லாமல் போய்விடுகிறது.

அந்த வழக்கம் எங்கும் போய்விடவில்லை. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில், ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லித் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த காணொலியை நாடே பார்த்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கைது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டோர் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது. கடையில் மிட்டாய் மறுப்பதும், சலூனில் நாற்காலி மறுப்பதும், மேடையில் இணை மறுப்பதும் ஒரே கட்டுப்பாட்டின் வெவ்வேறு வடிவங்கள்.

இந்த வட்டாரத்து மாணவர்கள் அடுத்த கொடைக்கு நாடகம் பார்க்கப் போகும்போது சிலவற்றைக் கேட்டறியலாம். நாடகத்துக்கான வரி எந்தெந்தத் தெருக்களில் வாங்கப்பட்டது, எந்தத் தெருவில் வாங்க மறுக்கப்பட்டது, மேடை எந்தத் தெருவைப் பார்த்துப் போடப்பட்டது, ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் யார் வீட்டில் சாப்பாடு, மேளக்காரருக்கு எங்கே இலை விரித்தார்கள் என்பனவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.